ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் குழந்தை, குடும்ப நலப் பணிகள்

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடியினர், டோரஸ் நீரிணைத் தீவினர் ஆகியோரின் குழந்தைகளைக் காப்பதற்கும் அவர்களுடைய குடும்பங்களுக்குக் கைகொடுப்பதற்கும் அரசும் பூர்வகுடி அமைப்புகளும் நடத்தும் பணிகளைப் பற்றியது இக்கட்டுரை. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் இப்பணி என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து எடுப்பதாகவே இருந்தது. 1970களில் பூர்வகுடிப் பெண்கள் சிலர் தொடங்கிய அமைப்புகள் அதன் திசையை மாற்ற முயன்றன. குடும்பம் நொறுங்குவதற்கு முன்பே உதவ வேண்டும், பிள்ளையைப் பற்றிய முடிவு அந்தச் சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்னும் இரு கோரிக்கைகளும் அன்று முதல் சேர்ந்தே ஒலிக்கின்றன. அரசுகள் முதலாவதை விரைவில் ஒப்புக்கொண்டன. இரண்டாவது நடைமுறைக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

குடியேற்றத்துக்கு முந்தைய வளர்ப்பு முறை

பூர்வகுடிச் சமூகங்களில் குழந்தை வளர்ப்பு தாய் தந்தை இருவரோடு முடிவதில்லை. பல மொழிக்குழுக்களில் தாயின் சகோதரியும் தாய்தான், தந்தையின் சகோதரனும் தந்தைதான். பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று வளர்ந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாய்க்கு முடியாதபோது குழந்தை பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ சில மாதங்களோ ஆண்டுகளோ இருக்கும். யாரும் அதைக் கைவிடுதலாகக் கருதுவதில்லை. டோரஸ் நீரிணைத் தீவுகளில் ஒரு குடும்பம் தன் குழந்தையை உறவினருக்கு நிலையாகவே கொடுக்கும் வழக்கம் உண்டு. குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் 2020இல்தான் 'மெரிபா ஓமாஸ்கர் காசிவ் காசிபா' என்னும் சட்டத்தின் வழியாக அவ்வழக்கத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதுவரை அப்படி வளர்ந்தவர்கள் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெற்றோரையும் வாழ்க்கையில் வேறு பெற்றோரையும் கொண்டிருந்தார்கள்.

பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள் கண்ணில் இந்த வளர்ப்பு முறை ஒழுங்கின்மையாகவே பட்டது. குழந்தை காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் வேறொரு வீட்டிலும் இருந்தால் அது கவனிப்பாரற்ற குழந்தை என்று எழுதிவைத்தார்கள். பிற்காலத்து நலத்துறைக் கோப்புகளிலும் இந்தப் பார்வை தொடர்ந்தது.

பாதுகாப்பு வாரியங்களின் காலம்

விக்டோரியாவில் 1869இல் இயற்றப்பட்ட பூர்வகுடிப் பாதுகாப்புச் சட்டம், அம்மக்கள் எங்கே வாழ்வது, என்ன வேலை செய்வது என்பதோடு பிள்ளைகளை யார் வைத்திருப்பது என்பதையும் அரசு அமைத்த பாதுகாப்பு வாரியத்தின் கையில் கொடுத்தது. குயின்ஸ்லாந்து 1897இலும், மேற்கு ஆஸ்திரேலியா 1905இலும், நியூ சவுத் வேல்ஸ் 1909இலும், தெற்கு ஆஸ்திரேலியா 1911இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. எல்லாவற்றின் தலைப்பிலோ நோக்கத்திலோ 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது.

நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தின் 1915ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தனியே சொல்ல வேண்டும். அதற்கு முன்பு ஒரு பிள்ளையை எடுத்துச்செல்ல, அது புறக்கணிக்கப்பட்டது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வாரியத்துக்கு அது தொல்லையாக இருந்தது. பெற்றோர் நல்லவர்களாக இருந்தால் நீதிபதி மறுத்துவிடுவார் அல்லவா? திருத்தத்துக்குப் பின் நீதிமன்றம் தேவையில்லை. பிள்ளையின் ஒழுக்க நலனுக்கோ உடல் நலனுக்கோ நல்லது என்று வாரியம் கருதினாலே போதும். அன்றைய பதிவேடுகளில் பிள்ளையை எடுத்ததற்கான காரணம் என்ற இடத்தில் 'பூர்வகுடியாக இருப்பதால்' என்று எழுதப்பட்ட பதிவுகளும் உள்ளன.

பெண் பிள்ளைகள் கூட்டமண்ட்ரா பயிற்சி இல்லத்துக்கு அனுப்பப்பட்டு, வீட்டு வேலை கற்பிக்கப்பட்டு, வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண்களாக அமர்த்தப்பட்டார்கள். 1924இல் கெம்ப்சி நகருக்கு அருகே தொடங்கிய கிஞ்செலா இல்லத்தில் ஆண் பிள்ளைகளைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைத்தார்கள். வேலைக்கு அமர்த்தப்பட்ட பிள்ளைகளின் ஊதியத்தில் பெரும்பகுதி வாரியத்தின் கணக்குக்குப் போனது. பலருக்கு அது திரும்பி வரவேயில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1915 முதல் 1940 வரை பூர்வகுடித் துறைக்குத் தலைமை வகித்த ஏ. ஓ. நெவில், கலப்பினப் பிள்ளைகளைத் தலைமுறைக்குத் தலைமுறை வெள்ளையரோடு கலந்து கரைத்துவிடலாம் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். 1937இல் கான்பெராவில் கூடிய அதிகாரிகள் மாநாடும் அந்தக் கொள்கையை ஏற்றது.

மார்கரெட் டக்கர் என்பவரின் வாழ்க்கையில் இந்தக் காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. யோர்ட்டா யோர்ட்டா தாய்க்கும் விரட்ஜுரி தந்தைக்கும் 1904இல் பிறந்த அவர், 1917இல் மூனகல்லா குடியிருப்பிலிருந்து தங்கையோடு எடுத்துச்செல்லப்பட்டார். கூட்டமண்ட்ராவில் பயிற்சி, பிறகு சிட்னியில் வீட்டு வேலை. 1930களில் மெல்பர்னில் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர். இவர் 1977இல் வெளியிட்ட தன்வரலாறு, பூர்வகுடிப் பெண் ஒருவர் பிரிவின் கதையைத் தாமே சொன்ன தொடக்ககால நூல்களுள் ஒன்று. இவருடைய மகள் மாலி டையர் பற்றிக் கீழே வருகிறது.

சட்டம் மாறியும் நடைமுறை மாறாமை

இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தனிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின. நியூ சவுத் வேல்ஸில் 1940 முதல் பூர்வகுடிப் பிள்ளைகளும் பொதுவான குழந்தைநலச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். எடுத்துச்செல்ல நீதிமன்ற ஆணை மீண்டும் தேவைப்பட்டது. இது முன்னேற்றம்போலத் தோன்றும். ஆனால் அச்சட்டத்தில் 'புறக்கணிக்கப்பட்ட குழந்தை' என்பதன் வரையறைக்குள் வறுமையும் அடங்கியது. நிலையான வீடு இல்லாமை, கண்ணுக்குத் தெரிந்த வருமானம் இல்லாமை எல்லாம் புறக்கணிப்பின் அடையாளங்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கிடங்களில் குடிசை போட்டு வாழும்படி செய்யப்பட்ட மக்களிடம் நிலையான வீட்டைத் தேடிய சட்டம் அது. இல்லங்கள் நிரம்பியபோது 1950களிலும் 1960களிலும் பிள்ளைகள் வெள்ளையர் குடும்பங்களுக்குத் தத்தாகவும் வளர்ப்புப் பிள்ளைகளாகவும் கொடுக்கப்பட்டார்கள்.

1967 மே 27 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஆதரவளித்ததால், பூர்வகுடிகளுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்குக் கிடைத்தது. 1969இல் நியூ சவுத் வேல்ஸின் பூர்வகுடி நல வாரியம் கலைக்கப்பட்டது. பிள்ளைகள் பிரிக்கப்படுவது நிற்கவில்லை. வாரிய அதிகாரியின் இடத்தில் சமூகப் பணியாளர் வந்தார்.

மெல்பர்னில் ஒரு தொடக்கம்

1970களின் தொடக்கத்தில் ரெட்ஃபெர்ன் மருத்துவ நிலையம், விக்டோரியப் பூர்வகுடிச் சட்ட உதவி மையம் என்று பூர்வகுடிகளே நடத்தும் அமைப்புகள் எழுந்தன. விக்டோரியச் சட்ட உதவி மையத்தில் பணியாற்றியவர்கள் ஒரு கட்டத்தில் தங்கள் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். குற்ற வழக்குகளில் உதவி தேடி வந்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் சிறுவயதில் இல்லங்களிலோ வளர்ப்புக் குடும்பங்களிலோ தத்துக் குடும்பங்களிலோ இருந்தவர்கள். சிறைக்குப் போகும் பாதை எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு சிறு வழக்கறிஞர் அலுவலகம் கண்டுபிடித்தது.

அங்கு பணியாற்றியவர்களில் ஒருவர் மாலி டையர் (1927–1998). தாய் மார்கரெட் டக்கர் பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளை. மகள், பிரிக்கப்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தவர். அமெரிக்காவுக்குச் சென்று, வாஷிங்டன் மாநிலத்தில் யாகமா பழங்குடியினர் தாங்களே நடத்திய குழந்தைநலத் திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தார். அமெரிக்கப் பழங்குடியினரின் போராட்டம் 1978இல் அந்நாட்டில் பழங்குடிக் குழந்தைநலச் சட்டமாகக் கனிந்தது. பழங்குடிக் குழந்தையின் வழக்கில் பழங்குடி நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு என்றது அச்சட்டம். ஆஸ்திரேலியாவில் அத்தகைய நீதிமன்றங்கள் இல்லை. அதனால் ஓர் அமைப்பை உருவாக்கி அதன் வழியாக அரசோடு மல்லுக்கு நிற்பதே வழியாயிற்று. விக்டோரியப் பூர்வகுடிக் குழந்தைப் பராமரிப்பு முகமை ('வாக்கா' என்ற சுருக்கப் பெயரே பரவலாக வழங்குகிறது) 1970களின் பிற்பாதியில் இப்படித்தான் பிறந்தது. பூர்வகுடிகள் மூத்த பெண்களை 'ஆன்ட்டி' என்று மரியாதையாக அழைப்பார்கள். விக்டோரியா முழுவதும் அவர் ஆன்ட்டி மாலிதான்.

வாக்காவின் தொடக்க காலப் பணியைப் பார்த்தால், இன்று 'தடுப்புப் பணி' என்று கொள்கை ஆவணங்கள் பேசுவது அப்போதே அங்கே நடந்துகொண்டிருந்தது தெரியும். வாடகை பாக்கிக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் தாய்க்கு வீடு தேடிக் கொடுப்பது, மருத்துவமனையிலிருக்கும் தாயின் பிள்ளைகளுக்கு உறவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது, நலத்துறை அலுவலகத்துக்குக் கூடப் போய் நிற்பது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை அறிந்த மூத்தவர்களின் நினைவே அந்த அமைப்பின் முதல் பதிவேடு.

மற்ற மாநிலங்களிலும் இத்தகைய முகமைகள் தோன்றின. 1979இல் மெல்பர்னில் கூடிய கருத்தரங்கின் தொடர்ச்சியாக 1981இல் அவற்றுக்கு 'ஸ்னேக்' என்ற தேசிய அமைப்பு ஏற்பட்டது. அதே ஆண்டுகளில் சிட்னியில் கோரல் எட்வர்ட்ஸும் வரலாற்றாசிரியர் பீட்டர் ரீடும் பிரிந்தவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் 'லிங்க்-அப்' அமைப்பைத் தொடங்கினார்கள். இப்படிப் பிரிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்ற சொல்வழக்கை உருவாக்கியவர் ரீட். 1988 முதல் ஆகஸ்ட் 4ஆம் நாள் பூர்வகுடிக் குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இல்லங்களில் வளர்ந்த பல பிள்ளைகளுக்குத் தங்கள் பிறந்தநாள் எதுவென்று தெரியாததால், எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாளில் பிறந்தநாள் கொண்டாடிய வழக்கத்திலிருந்து வந்த நாள் இது.

இட அமர்வுக் கொள்கை

இந்த அமைப்புகளின் முதல் பெரிய வெற்றி 'பூர்வகுடிக் குழந்தை இட அமர்வுக் கொள்கை'. ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் விரிந்த குடும்பத்தில், அது முடியாவிட்டால் அதே சமூகத்தில், அதுவும் முடியாவிட்டால் வேறு பூர்வகுடிக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். வேற்றுக் குடும்பம் கடைசி வழி. 1983இல் வட ஆட்புலமும் 1987இல் நியூ சவுத் வேல்ஸும் இதைச் சட்டத்தில் சேர்த்தன. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

நலத்துறைகள் இக்கொள்கையைப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற வரிசைப்பட்டியலாக மட்டும் சுருக்கிவிட்டன. எடுக்காமல் இருக்க என்ன செய்தோம் என்ற கேள்வி அதில் மறைந்துபோனது. தடுத்தல், கூட்டாண்மை, இட அமர்வு, பங்கேற்பு, தொடர்பு என்ற ஐந்து கூறுகளும் சேர்ந்ததே இக்கொள்கை என்று ஸ்னேக் பின்னர் விளக்கியது. தடுத்தல் முதலில் நிற்பது தற்செயலன்று.

விசாரணைகளும் மன்னிப்பும்

காவலில் நிகழ்ந்த பூர்வகுடி மரணங்களை ஆராய்ந்த அரச ஆணையம் (1987–1991) 99 மரணங்களை எடுத்துக்கொண்டது. இறந்தவர்களில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். இந்தக் கண்டறிதலே பிரிவைப் பற்றிய தனி விசாரணைக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. சர் ரொனால்ட் வில்சனும் மிக் டாட்சனும் தலைமையேற்ற அந்த விசாரணையின் அறிக்கை, 'பிரிங்கிங் தெம் ஹோம்', 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1910க்கும் 1970க்கும் இடையே பத்தில் ஒருவருக்கும் மூன்றில் ஒருவருக்கும் இடைப்பட்ட அளவில் பூர்வகுடிக் குழந்தைகள் பிரிக்கப்பட்டதாக அது மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அறிக்கையின் கண்ணீர்க் கதைகளை நாடு படித்தது. அதன் பரிந்துரைகளில் எதிர்காலத்தைப் பற்றிய பகுதி அவ்வளவு படிக்கப்படவில்லை. குழந்தைநல அதிகாரத்தைச் சமூகங்களுக்கே மாற்றிக்கொடுக்க வழிசெய்யும் தேசியச் சட்டம் வேண்டும் என்று அது கேட்டிருந்தது. அப்படி ஒரு தேசியச் சட்டம் வரவில்லை. 1997இல் அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தைகளில் ஐந்தில் ஒரு பங்கினர் பூர்வகுடியினர். இன்று அது ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். நாட்டின் குழந்தைகளில் பூர்வகுடியினர் ஆறு விழுக்காடு அளவே.

2014இல் நியூ சவுத் வேல்ஸின் கன்னடா நகரில் பேரக்குழந்தைகளை இழந்த பாட்டிமார்கள் தெருவில் இறங்கினார்கள். 'பிரிப்புக்கு எதிரான பாட்டிமார்' என்ற அவர்களுடைய இயக்கம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. மறுஆண்டே நலத்துறை அவர்களோடு உட்கார்ந்து, உள்ளூர்ச் சமூகத்தைக் கலந்தாலோசிப்பதற்கான நெறிமுறைகளை ஒப்புக்கொண்டது. சட்ட அறிஞர் மேகன் டேவிஸ் தலைமையில் 2019இல் வெளிவந்த 'ஃபேமிலி இஸ் கல்ச்சர்' அறிக்கையும் இக்காலத்ததே. அரசுப் பராமரிப்புக்குள் வந்த 1,144 பூர்வகுடிக் குழந்தைகளின் கோப்புகளை அவருடைய குழு ஆராய்ந்து, 125 பரிந்துரைகளை வைத்தது. பிறந்த கையோடு மருத்துவமனையிலேயே எடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய பகுதிகள் படிக்கக் கடினமானவை. துறை தன் கடமைகளைச் சடங்காகச் செய்கிறது என்பது அவருடைய முக்கியக் குற்றச்சாட்டு: கலந்தாலோசனைப் படிவம் நிரப்பப்பட்டிருக்கும், கலந்தாலோசனை நடந்திருக்காது. நியூ சவுத் வேல்ஸின் 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பிள்ளையை எடுப்பதற்கு முன் குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கத் துறை முனைப்பான முயற்சி எடுத்ததை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்று விதித்தது. அமெரிக்கச் சட்டத்தில் 1978இலேயே இருந்த ஏற்பாடு இது.

அதிகாரக் கைமாற்றம்

விக்டோரியாவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள், இளையோர், குடும்பங்கள் சட்டத்தில் 18ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நீதிமன்ற ஆணையின் கீழுள்ள பூர்வகுடிக் குழந்தையின் முழுப் பொறுப்பையும் அரசு ஒரு பூர்வகுடி அமைப்பின் தலைவரிடம் ஒப்படைக்கலாம் என்கிறது அது. பன்னிரண்டு ஆண்டுகள் அப்பிரிவு தாளில் மட்டும் இருந்தது. 2017 நவம்பரில் வாக்காவின் 'நூகல்' திட்டத்துக்கு அந்த அதிகாரம் முதன்முதலாக வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலேயே இது முதல் முறை. அப்போது வாக்காவின் தலைவர், 1999 முதல் அப்பொறுப்பிலிருந்த யோர்ட்டா யோர்ட்டா பெண் முரியல் பாம்பிளட். பிறகு பெண்டிகோ நகரின் பூர்வகுடிக் கூட்டுறவு அமைப்புக்கும் அதிகாரம் கிடைத்தது.

நடைமுறையில் என்ன மாறுகிறது? அரசு அலுவலர் வருகிறார் என்றால் பூர்வகுடித் தாய் கதவைத் திறக்க அஞ்சுவாள். அடிக்கும் கணவனைப் பற்றிப் புகார் சொன்னால் 'பிள்ளைக்கு ஆபத்தான வீடு' என்ற பதிவு விழும், பிள்ளை போய்விடும் என்பது அவள் பாட்டி காலத்திலிருந்து கற்ற பாடம். உதவி செய்யும் கையும் பறிக்கும் கையும் ஒன்றாக இருக்கும்வரை தடுப்புப் பணி நடக்காது. பூர்வகுடி அமைப்பின் பணியாளருக்கு அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை தெரிந்திருக்கும். கோப்பில் 'தந்தை: அறியப்படவில்லை' என்றிருந்தால் அந்தத் தந்தையின் அத்தை எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்கத் தெரியும். நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த குடும்பக் கூட்ட முறையை, மூத்தவர்கள் முன்னிலையில் குடும்பமே முடிவெடுக்கும் வகையில் விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் தகவமைத்துக்கொண்டன. குயின்ஸ்லாந்து 2017இல் 'அவர் வே' என்னும் இருபதாண்டுத் திட்டத்தை அறிவித்து, சமூகமே நடத்தும் குடும்ப நல மையங்களை மாநிலமெங்கும் நிறுவியது. குடும்பங்கள் நலத்துறையின் வாசலை மிதிக்காமலே அங்கு உதவி பெறலாம்.

அதிகாரம் கைமாறினாலும் கடினமான முடிவுகள் போய்விடுவதில்லை. பூர்வகுடி அமைப்பும் சில வேளை பிள்ளையைப் பெற்றோரிடம் விடமுடியாது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. சொந்தச் சமூகத்திலேயே அதற்காகப் பழி கேட்கவும் நேர்கிறது. இந்தச் சுமையைப் போதிய பணமில்லாமல் அரசு தங்கள் தலையில் இறக்கிவைக்கிறது என்ற கவலை அமைப்புகளுக்குள்ளேயே உண்டு. அது நியாயமான கவலை.

தேசிய இலக்கும் இன்றைய நிலையும்

2020 ஜூலையில் கூட்டாட்சி, மாநில அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் கையெழுத்திட்ட 'இடைவெளியை மூடுதல்' தேசிய உடன்படிக்கை, அரசுப் பராமரிப்பிலுள்ள பூர்வகுடிக் குழந்தைகளின் விகிதத்தை 2031க்குள் 45 விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்தது. அடிப்படை ஆண்டான 2019இல் ஆயிரத்துக்கு 54.2 ஆக இருந்த விகிதம், 2023இல் 57.2 ஆகக் கூடியிருந்தது. 2025 தொடக்கத்தில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான தேசிய ஆணையர் அலுவலகம் செயல்படத் தொடங்கியது.

குழந்தைப் பாதுகாப்புக்கு ஆகும் செலவின் பங்கீடுதான் இந்தச் சீர்திருத்தத்தை அளக்க நேர்மையான அளவுகோல். அரசுகள் செலவிடுவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே குடும்பங்களைத் தாங்கும் பணிகளுக்குப் போகிறது. மற்றதெல்லாம் விசாரணைக்கும் எடுத்துச்சென்ற பிள்ளைகளைப் பராமரிப்பதற்கும் ஆகிறது. தடுப்புக்கென ஒதுக்கப்படும் சிறு தொகையிலும் பெரும்பகுதி பூர்வகுடி அல்லாத அமைப்புகளிடமே சேர்கிறது. பூர்வகுடித் தலைமையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் அரசுகள், அதை வரவுசெலவுத் திட்டத்தில் இன்னும் எழுதவில்லை.